எஞ்சின் ஒயிலும் சேர்மானப் போத்தலும்

படுவான்கரை வயல்களிலே ஏர்மாட்டின் இடத்தை உழவு இயந்திரம் பிடித்துப் பல்லாண்டுகளாயின. மாட்டுக்கு வைக்கோல் போல இயந்திரத்துக்கு எஞ்சின் ஒயில் இன்றியமையாதது. அவ்வொயிலோடு கலப்பதற்கெனச் சிறு போத்தல்களும் விற்பனைக்குண்டு. “தேய்மானம் குறையும், கரி படியாது” என்பர் விற்போர். பெரும்போகத்து வருவாயில் ஒரு பங்கை இதற்கு ஈயுமுன் உண்மையை ஆராய்வோம்.

உலோகமும் உலோகமும் உரசாதவாறு இடையே படலமாய் நிற்பது ஒயிலின் தொழில். கடும் வெப்பத்தில் அது சிதைந்தால் கரியும் பிசினும் படியும். 1930களில் அமெரிக்கக் கட்டர்பில்லர் டீசல் இயந்திரங்களில் இப்படிவினால் பிஸ்டன் வளையங்கள் இறுகின. அதற்குப் பரிகாரமாக, அழுக்ககற்றும் சேர்மானம் கலந்த ஒயில் 1935இல் வெளிவந்தது. ஆகவே, சேர்மானம் என்பதே பொய்யன்று. இன்றைய நல்ல ஒயிலில் அழுக்ககற்றும் பொருளும், தேய்மானந் தடுக்கும் நாகச் சேர்வையும் அளவறிந்து முன்னரே கலக்கப்பட்டுள்ளன. அதன்மேலும் ஒரு போத்தல் வேண்டுமா என்பதே வினா.

இதனை அமெரிக்காவின் ‘கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்’ சஞ்சிகை சோதித்தது. நியூயோர்க் வாடகைக் கார்கள் 75 இல் புதுப்பித்த எஞ்சின்களைப் பொருத்தி, 60,000 மைல் ஓடவிட்டனர். பெரும்பாலானவற்றில் வெவ்வேறு ஒயில்கள் மட்டுமே இடப்பட்டன. மூவகைப் போத்தற் சேர்மானங்கள், வகைக்கு மூன்று கார்களாக, ஊற்றப்பட்டன. பின்னர் எஞ்சின்களைப் பிரித்துத் தேய்மானத்தை அளந்தனர், படிவையும் பார்த்தனர். 1996 யூலையில் முடிவு வெளியாயிற்று: சேர்மானத்தால் கண்டறியத்தக்க நன்மை எதுவும் இல்லை.

இச்சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. வாடகைக் கார் நாள் முழுவதும் சூடாகவே ஓடுவது. நமது உழவு இயந்திரமோ மாதக்கணக்கிற் கொட்டிலில் நின்று, பின் உழைப்பது. ஆயினும், பயன் உண்டென நிறுவும் பொறுப்பு விற்பவருடையதே. ‘சிலிக் 50’ என்னும் சேர்மானத்தின் விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரமில்லை என அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 1996இல் குற்றஞ்சாட்டியது. ஆதாரமின்றி அவ்வாறு விளம்பரஞ் செய்வதில்லையென அந்நிறுவனம் 1997இல் இணங்கிற்று.

மாணவர் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. “ஊற்றினேன்; எஞ்சின் பழுதாகவில்லை” என்பது சான்றாகாது. ஊற்றாத எஞ்சினும் அதே காலத்தில் பழுதாகாதிருந்திருக்கலாமன்றோ? ஒத்த எஞ்சின்களை ஒத்த வேலையில் வைத்து ஒப்பிட்டு அளப்பதே சான்று.

கைந்நூல் விதித்த தர ஒயிலை உரிய காலத்தில் மாற்றுக; ஒயில் வடியையும் மாற்றுக; வயற்புழுதி அடைத்த காற்று வடியைத் துப்புரவு செய்க. போத்தலுக்குரிய பணம் இவற்றிற்குச் செலவாகுமாயின் எஞ்சினும் பிழைக்கும். உழவர் இல்லமும் பிழைக்கும்.