வேரைத் தோண்டாமலேயே மருந்து: ஆய்வகத்தில் வளரும் சர்ப்பகந்தா வேர்கள்

சர்ப்பகந்தா செடியின் மருத்துவச் சேர்மங்கள் பெரும்பாலும் அதன் வேரில்தான் உள்ளன. வேரைத் தோண்டி எடுத்தால் செடி மடிந்துவிடும். மருந்துத் தேவைக்காகக் காடுகளில் அளவுக்கு மீறி எடுக்கப்பட்டதால் இச்செடி அருகிவிட்டது. இதன் சர்வதேச வணிகம் ‘சைட்டிஸ்’ ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இந்நிலையில், வேரை மட்டும் ஆய்வகத்தில் வளர்க்கும் தொழில்நுட்பம் மாற்று வழியாகப் பார்க்கப்படுகிறது.

தேவை பெருகியது ஏன்?

விஞ்ஞானி சலிமுஸ்ஸமான் சித்திகி, 1931-ஆம் ஆண்டு தில்லியில் இவ்வேரிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்து, ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். இதயத் துடிப்புக் கோளாறுகளைக் கண்டறிய இது இன்றும் பயன்படுகிறது.

உயர் ரத்த அழுத்தத்தை இவ்வேர் குறைப்பது குறித்து மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் பிரிட்டன் மருத்துவ இதழில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் ‘ரெசர்பின்’ சேர்மத்தைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் வேருக்கான தேவை உலகெங்கும் பெருகியது.

எவ்வாறு வளர்க்கப்படுகிறது?

மண்ணில் வாழும் ‘ரைசோபியம் ரைசோஜீன்ஸ்’ என்ற பாக்டீரியா, காயம்பட்ட தாவரத் திசுவுக்குள் தனது மரபணுக்களில் சிலவற்றைச் செலுத்துகிறது. அவ்விடத்தில் மெல்லிய வேர்கள் அடர்த்தியாக முளைக்கின்றன. ‘ஹேரி ரூட்’ எனப்படும் இவ்வேர்களை வெட்டியெடுத்து, நுண்ணுயிர்க்கொல்லி மூலம் பாக்டீரியாவை அகற்றிய பின், சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த திரவத்தில் வளர்க்கின்றனர்.

இவற்றுக்கு வளர்ச்சி ஹார்மோன் சேர்க்கத் தேவையில்லை. வயலில் வேர் முற்ற ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலையில், இவை சில வாரங்களிலேயே பன்மடங்காகப் பெருகுகின்றன. ஜாஸ்மோனேட் போன்ற பொருள்களைச் சேர்த்து, சேர்மத்தின் அளவைக் கூட்டவும் முடியும்.

சவால்கள் என்ன?

வேரில் உருவாகும் சேர்மங்களுக்கே இம்முறை பொருந்தும். நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினுக்குத் தேவையான ஒரு மூலக்கூறு இலையில்தான் உருவாகிறது. எனவே, வேரை மட்டும் வளர்த்து அம்மருந்தைப் பெற இயலாது.

பெரிய கலன்களில் வேர்கள் பின்னிக்கொள்வதால் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் எட்டுவதில்லை. கிருமி புகுந்தால் மொத்த வளர்ப்பும் வீணாகும். மின்சாரம், தூய்மைப் பராமரிப்புக்கான செலவும் அதிகம்.

எனினும், தென்கொரியாவில் ஜின்செங் வேர்கள், பாக்டீரியா பயன்படுத்தாத மற்றொரு முறையில், 10,000 லிட்டர் கலன்களில் வணிக அளவில் வளர்க்கப்படுகின்றன. காட்டிலிருந்து தோண்டியெடுக்கும் வேரைவிடக் குறைந்த செலவில் சர்ப்பகந்தா வேரையும் வளர்க்க முடிந்தால் மட்டுமே, காட்டில் எஞ்சியுள்ள செடிகளுக்கு இத்தொழில்நுட்பம் பாதுகாப்பாக அமையும்.