கந்தையில் ஒரு நகரம்

கந்தை என்றால் நமக்கு ஏளனம். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று அறிவுரை சொல்லும்போதுகூட, அந்த ‘ஆனாலும்’ என்னும் சொல்லில் ஓர் இரக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வங்காளத்திலோ அச்சொல்லின் உறவுச் சொல்லான ‘காந்தா’ ஒரு கலையின் பெயர். உடுத்து நைந்த புடைவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஊசியால் ஓட்டித் தைத்த போர்வையே காந்தா.

நம் சங்கத்து உறுப்பினர் பலரும் கல்கத்தாவில் சில ஆண்டுகள் படித்துவிட்டுப் பிரிந்து செல்பவர்கள். போகும்போது நகரத்தின் நினைவாக எதைக் கொண்டு போவது? நான் ஒரு காந்தாவைக் கொண்டு போகிறேன். அதைச் செய்யும் முறையை இங்கே கூறுகிறேன். செய்து கெட்ட கதையையும் மறைக்கவில்லை.

கண்ட உலகத்தைக் காந்தாவில் தைப்பது புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி என்னும் பெண்மணி தம் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்று, குருசதய் தத்தர் திரட்டிய கலைத் தொகுப்பில் இருக்கிறது. அக்காலத்து வெள்ளைக்காரத் துரைமாரும் சிப்பாய்களும் அதில் இடம் பெற்றிருக்கிறார்கள்.

முதலில் துணி. புதுத்துணி உதவாது, அது விறைப்பாக நிற்கும், துவைத்தால் சுருங்கும். பல முறை துவைத்து மென்மையான நூற்புடைவையே ஏற்றது. நான் இங்கே புறப்பட்டபோது, குளிருக்குப் போர்த்திக்கொள் என்று அம்மா தம் பழைய வெளிர்மஞ்சள் புடைவை ஒன்றைப் பெட்டியில் வைத்தார். அதையே எடுத்துக்கொண்டேன். ஐந்தரை மீட்டர்ப் புடைவையை மூன்றாக மடித்தால் ஏறத்தாழ 6 அடி நீளத்துக்கு மூன்று அடுக்குத் துணி கிடைத்துவிடும். கஞ்சிப்பசை போக அலசி, தரையில் விரித்து, ஓரங்களில் கனமான புத்தகங்களை வைத்துச் சுருக்கம் நீக்க வேண்டும். பிறகு அடுக்குகள் நகராதிருக்க நீண்ட தையல்களைத் தற்காலிகமாகப் போட வேண்டும்.

அடுத்து நூல். பழங்காலத்துப் பெண்கள் புடைவைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவினார்கள். நானும் அரக்குக் கரையைக் கத்தரித்து அப்படியே செய்தேன். கடை நூலானால், நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முழத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள், சிக்கிக்கொள்ளும்.

இனி என் தவறு. நகரத்தின் வரைபடத்தையே துணியில் வரைந்தேன். மேலே வடக்கு, இடப்புறம் கங்கை, அதன் குறுக்கே ஹௌரா பாலம். 1943இல் திறக்கப்பட்ட, 26,500 டன் எஃகில் எழுந்த பாலமாயிற்றே! அதை இழை இழையாகத் தைத்து நிரப்பினேன். விக்டோரியா நினைவகத்தையும் அவ்வாறே நிரப்பினேன். பெயர் தெரியாத தெருக்கள் இருந்த இடங்களை வெறுமனே விட்டுவிட்டேன். எல்லாரும் பாராட்டினார்கள். ஒரு முறை துவைத்தேன். பாலம் சுருங்கி இழுத்துக்கொண்டது; வெற்றிடங்கள் பை போலத் தொங்கின. அம்மாவின் புடைவை பாழாயிற்றே என்று அழுகை வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மாசிமாவிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பாலத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நீ நாள்தோறும் நடந்தது இதன்மேலா என்று மட்டும் கேட்டார். பிறகு என்னுடன் அமர்ந்து, மூன்று மாலைகளில் தையல் முழுவதையும் பிரித்தெடுத்தார். துணியில் ஊசித்துளைகள் தெரிந்தன, ஆனால் கிழியவில்லை.

அவரிடம் கற்றவை இரண்டு. ஒன்று, காந்தாவுக்கு மேலும் கீழும் இல்லை, வடக்கும் இல்லை. நடுவே ஒரு தாமரை, நான்கு மூலைகளிலிருந்து நடுவை நோக்கும் மரங்கள் அல்லது மாங்காய் வடிவங்கள் என்பதே பழைய அமைப்பு. எந்தப் பக்கத்தில் அமர்ந்தாலும் பார்க்கலாம். ஆகவே வரைபடம் அதில் பொருந்தாது.

மற்றொன்று, உருவங்கள் அழகு தருமேயன்றித் துணியைப் பிடித்து நிறுத்துவதில்லை. அடுக்குகளைப் பிணைப்பது வெற்றிடமெங்கும் ஓடும் சிறு சிறு ஓட்டுத்தையலே. அது துணியின் நிறத்து நூலில், உருவத்தின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி, நீரலை போல வரிசையாகச் செல்ல வேண்டும். அழுத்தம் எங்கும் ஒன்றாக இருந்தால் துணி எங்கும் ஒன்றாகச் சுருங்கும், பை விழாது. முடிச்சுகளை அடுக்குகளுக்கு இடையே மறைத்துவிடலாம்.

மறுபடி வரைந்தேன். நடுவில் தாமரை. மூலைகளில் கல்லூரித் தெருவின் பழைய புத்தகக் கடை, மண்குவளைத் தேநீர், லேக் மார்க்கெட்டில் நம் ஊர்க் காய்கறி கிடைக்கும் கடை, டிராம் வண்டி. பாலமும் உண்டு, விரல் நீளத்தில், ஓர் ஓரமாக. எஞ்சிய இடமெல்லாம் பெயரில்லாத தெருக்களாக வெறும் தையல். அதற்கு மட்டும் ஐந்து மாதம் ஆயிற்று. இம்முறை துவைத்தபோது மெல்லிய அலையெழுந்து துணி தட்டையாகவே இருந்தது.

இந்நகரில் 1873இல் குதிரை இழுத்த டிராம், 1902இல் மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. ஒரு சிறு தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024இல் மாநில அரசு அறிவித்தது. அச்செய்தியைப் படித்த இரவில்தான் என் டிராமுக்குக் கடைசிச் சக்கரத்தைத் தைத்து முடித்தேன். பாலம் நெடுங்காலம் நிற்கும். என் ஊசியின் உதவி அதற்கு வேண்டியதில்லை.

அன்பர்களே, நீங்களும் ஒரு பழைய புடைவையைத் தேடுங்கள். உருவங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலை போதும். மீதிக் காலத்தை வெற்றிடத்துக்குக் கொடுங்கள். நாம் வாழ்ந்த நகரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.