தறிக்கும் வயலுக்கும் அண்மையில் நிற்கும் கல்லூரிகள்

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாட்களில், பாவும் ஊடை நூலும் பெற்றுச் செல்லச் சங்கத்துக்கு வரும் அங்கத்தினர்களிடையே நெசவுப் பேச்சுக் குறைந்து படிப்புப் பேச்சு மிகுந்துவிடுகிறது. அத்தகைய நாளொன்றில், நாற்பதாண்டுகளாகத் தறியில் அமர்ந்துவரும் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "பெண் நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறாள், தம்பி. காலேஜ் படிப்பு நம்மைப் போன்றவர்களுக்கு ஆகிற காரியமா? அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குக் கட்டினதுதானே?" என்று வினவினார்.

கட்டணம் எவ்வளவு என்று அவர் கேட்டிருந்தால் ஒரு தொகையைச் சொல்லி அனுப்பியிருப்போம். யாருக்காகக் கட்டப்பட்டவை என்றல்லவா கேட்டுவிட்டார்! நம் மாநிலத்துக் கல்லூரிகளின் சிறப்பே அவ்வினாவுக்குரிய விடையில்தான் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து.

சென்னைச் சர்வகலாசாலை 1857-இல் தோன்றியது. கிண்டிப் பொறியியற் கல்லூரியின் வேர் 1794-இல் ஏற்பட்ட நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. பழமையைப் பேசுவோர் இவற்றைச் சொல்லிப் பெருமை கொள்வர், கொள்ளட்டும். நம் நோக்கில் அவற்றினும் அருமையானது கோயம்புத்தூரை அடுத்த பீளமேட்டில் நடந்த ஒரு பாகப்பிரிவினை. பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் குமாரர்கள் நால்வர். 1926-இல் சொத்தைப் பிரித்தபோது அதை நான்காக்காமல் ஐந்தாக்கினார்கள். தருமத்தையும் உடன்பிறந்த ஒருவனாகப் பாவித்து, ஐந்தாவது பாகத்தை அதற்கென ஒதுக்கினார்கள். பாகப்பிரிவினை என்றால் கிணற்றுக்கும் வரப்புக்கும் கோர்ட்டு வாசலில் நிற்கும் குடும்பங்களை நாம் அறிவோம். இக்குடும்பமோ பருத்தியோடு பிணைந்து வளர்ந்தது. அந்த ஐந்தாம் பாகத்திலிருந்து பள்ளிகளும், 1947-இல் கலைக் கல்லூரியும், 1951-இல் பொறியியற் கல்லூரியும் எழுந்தன.

மதுரையில் கருமுத்து தியாகராசர் 1949-இல் கலைக் கல்லூரியையும் 1957-இல் பொறியியற் கல்லூரியையும் நிறுவினார். அவருடைய செல்வம் நூல் ஆலைகளில் விளைந்தது. காரைக்குடி அழகப்பர் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வழங்கிய பெருங்கொடையின் பயனாக 1944 முதல் அங்கே நெசவுத் தொழில்நுட்பமும் கற்பிக்கப்படலாயிற்று. பருத்தி விளைவித்தவனும் நூற்றவனும் நெய்தவனும் சிந்திய வியர்வை இந்தச் செல்வங்களிலெல்லாம் கலந்திருக்கிறது. ஆகவே அக்கட்டிடங்களில் நம் பிள்ளைகள் கால் வைக்கக் கூசவேண்டுவதில்லை.

விவசாய அன்பர்களுக்கு இன்னும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி, இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து கல்லூரியாயிற்று. 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. எம். எஸ். சுவாமிநாதன் பயின்ற இடம் அதுவே. ஆயினும் அதன் புகழைப் பட்டம் பெற்றவர்களைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது. நெல்லைக் கொண்டும் அளக்கவேண்டும். கோயம்புத்தூரில் 1912-இல் ஏற்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1921-இல் ஜி.இ.பி. 24 என்ற இரகம் வெளிவந்தது. அரசாங்கப் பயிரியலாளர் என்னும் பதவியின் ஆங்கில முதலெழுத்துக்களே அப்பெயர். உழவர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை போலும்; கிச்சிலிச் சம்பா என்றே அழைத்தார்கள். பின்னர் ஜி.இ.பி. 24-ஐ கோ. 18 என்னும் இரகத்துடன் ஒட்டுச் சேர்த்து டி.கே.எம். 6 உருவாயிற்று. அந்த டி.கே.எம். 6 கடல் கடந்து பிலிப்பைன்சு தேசத்து ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்று, ஐ.ஆர். 20-க்குப் பெற்றோரில் ஒன்றாகித் திரும்பி வந்தது. நம் வயல்களில் ஐ.ஆர். 20 விதைத்தவர்கள் அதை அயலூர் நெல் என்றே எண்ணியிருப்பார்கள். அதன் பாட்டி கோயம்புத்தூர்க்காரி!

நெசவாளர்க்கும் அங்கிருந்து பங்கு வந்தது. 1968-இல் வெளியிடப்பட்ட எம்.சி.யு. 5 என்ற நீண்ட இழைப் பருத்தி நயமான நூலுக்கு உதவிற்று. சென்னை, கம்போடியா, உகாண்டா என்ற மூன்று இடங்களின் பெயர்களை அதன் மூன்று எழுத்துக்களும் குறிக்கின்றன. சேலத்திலோ, 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு நிலையம் நடைபெறுகிறது. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் அங்கே மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். சாயத் தொட்டியில் கைக்கணக்காகக் கலக்கும் பக்குவத்தை நிறைக்கணக்காக அறிந்து வரும் இளைஞன் ஒருவன் ஒவ்வொரு சங்கத்துக்கும் வாய்த்தால், சாயம் போனதென்று திரும்பிவரும் சேலைகள் எத்தனையோ குறையும்.

கதவு இருந்தும் சாவி இல்லையேல் பயனென்ன? பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு நம் மாநிலம் தனி நுழைவுத் தேர்வை 2007-இல் நீக்கி, மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்ணையே அடிப்படையாக்கியது. 2010 முதல், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பயில்வோர் அரசுக் கலந்தாய்வின் வழியே தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை கிடைத்து வந்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020-இலும், பொறியியல், விவசாயம் முதலியவற்றில் 2021-இலும் 7.5 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டன. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022-இல் தொடங்கிற்று. 2021-22-ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்குப்படி, கல்லூரி வயதினர் நூற்றுவரில் உயர்கல்வி சேர்ந்தோர் நாட்டில் 28 பேர். நம் மாநிலத்தில் 47 பேர்.

குறையையும் மறைப்பதற்கில்லை. ஒரு காலத்தில் 500-க்கு மேற்பட்ட பொறியியற் கல்லூரிகள் இங்கே பெருகின. பல இடங்கள் நிரம்பவில்லை, சில மூடப்பட்டன. விளம்பரத்தைக் கண்டு, கலந்தாய்வைத் தவிர்த்து, வட்டிக்கு வாங்கி நன்கொடை கொடுத்துச் சேர்த்துவிட்டு, தறியை விற்றுக் கடன் அடைத்த குடும்பம் நம் சங்கத்திலேயே உண்டு. படித்த பிள்ளை தறிக்குத் திரும்புவதில்லை என்ற வருத்தமும் மெய்யானதே. ஆனால் இன்றைய நெசவுக் கூலியை வைத்துக்கொண்டு, திரும்பி வா என்று எந்த வாயால் சொல்வது?

பெரியவரிடம் இவ்வளவையும் நாம் சொல்லவில்லை. பீளமேட்டு ஐந்தாம் பாகத்தை மட்டும் சொன்னோம். அவர் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கவேண்டும் என்றும், கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளைத் தவறவிடலாகாது என்றும், அதற்குமுன் எவரிடமும் முன்பணம் கொடுத்துவிடவேண்டாம் என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அதை மடித்துப் பாஸ்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, பாவைத் தோளில் ஏற்றினார். "பெண்ணையே நாளை அனுப்புகிறேன். எனக்குச் சொன்னதை அவளுக்கும் ஒருமுறை சொல்லுங்கள்" என்றார்.