இரண்டே இலைச் செடி

தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா பக்கம் 1811இல் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயர், விசித்திரமான கூழாங்கல் ஒன்று கிடக்கிறதென்று குனிந்து எடுத்தார். கைக்கு வந்தது செடி. இன்று லித்தாப்ஸ் என்ற பேரினத்தில் அடங்கும் செடிகளில் முதலில் எழுத்தில் பதிவானது அதுதான்.

லித்தாப்ஸுக்கு ஒரு தலைக்கு இரண்டே இலை. சதைப்பற்றான அந்த இரண்டும் அடியில் ஒட்டியிருக்கும். உச்சியில் மட்டும் ஒரு பிளவு. தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் சரளை நிலங்களில் உடம்பு மண்ணுக்குள் புதைந்திருக்க, தட்டையான உச்சி மட்டும் வெளியே தெரியும். அப்படியானால் வெயிலுக்கு என்ன வழி? உச்சியை உற்றுப் பார்த்தால் மங்கலான கண்ணாடிபோலச் சில திட்டுகள் இருக்கும். அந்த ஜன்னல்கள் வழியே ஒளி இறங்கி, இலையின் உட்சுவரில் உள்ள பச்சையத்தைத் தொடுகிறது. மண்ணுக்கடியில் நடக்கிறது சமையல்!

பூ மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருக்கும். பெரும்பாலும் பிற்பகலில் விரியும். பார்வைக்குச் சாமந்தி வகை என்று தோன்றினாலும் இது ஐசோவேசியே குடும்பம். நம் வயலோரத்துச் சாரணையும் அதே குடும்பம்தான். காய்ந்த விதையுறை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும், சில நிமிடங்களில் நட்சத்திரமாக விரிந்துவிடும். மழைத்துளி விழும் வேகத்தில் விதைகள் தெறிக்கும். ஈரம் காய்ந்ததும் மூடிக்கொள்ளும்.

வகைப்பாடுதான் தலைவலி. நெடுங்காலம் மெசெம்பிரியாந்திமம் என்ற பெரிய கூட்டத்துக்குள் கிடந்த இவற்றை 1922இல் என். இ. பிரவுன் தனிப் பேரினமாகப் பிரித்தார். பக்கத்து உறவான கோனோபைட்டத்தில் இதழ்கள் அடியில் குழலாக இணைந்திருக்கும், லித்தாப்ஸில் தனித்தனி. இனங்களைப் பிரிக்கும்போது பூ அவ்வளவாக உதவாது; இலை முகத்தின் நிறத்தையும் கோடுகளையும்தான் பார்த்தாக வேண்டும். அவையோ ஒரே இடத்தில் வளரும் செடிகளுக்குள்ளேயே மாறும். அதனால் டெஸ்மண்ட் கோல், மனைவி நோரீனுடன் காடுமேடெல்லாம் அலைந்து, சுமார் 400 இருப்பிடங்களுக்கு எண் கொடுத்துப் பட்டியலிட்டார். வளர்ப்பவர்கள் இன்றும் இனப்பெயரோடு கோல் எண்ணையும் கேட்கிறார்கள். கோல் தாவரவியலாளர் அல்ல, சுவானா மொழிக்கு இலக்கணம் எழுதிய மொழியியல் பேராசிரியர். ஊருக்கு ஊர் பேச்சு மாறுவதைக் கேட்டுப் பழகியவருக்கு இந்த வேலை கைவந்ததில் எனக்கு வியப்பில்லை.

வாங்கி வளர்ப்பவர்களுக்கு ஒன்று: ஆண்டுதோறும் பிளவுக்குள்ளிருந்து புது ஜோடி இலை கிளம்பும். பழைய ஜோடியின் நீரை உறிஞ்சித்தான் அது வளர வேண்டும். பழையது சருகாகும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள்.