தாது இருந்தும் கரி இல்லை

நம் சேந்தமங்கலம் கடைவீதியிலிருந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். அங்கும் சேலத்துக் கஞ்சமலையிலும் இரும்புத் தாது உண்டு என்பது உறுப்பினர்கள் அறிந்ததே. சேலத்துத் தாதுவை நம்பி ஒரு கடற்கரை ஊர் தொழிலில் உயர்ந்து தாழ்ந்த கதை பலரும் அறியாதது.

கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்ட ஜோசையா மார்ஷல் ஹீத், 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலை தொடங்கினார். துறைமுக ஊர் என்பதால் சரக்கைக் கப்பலேற்றுவது எளிது. சேலம் பகுதித் தாது அங்கே போயிற்று. உருக்கிய இரும்பு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயிற்று. 1850இல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்கும் பயன்பட்டது. சரக்கில் குறையில்லை.

குறை உலையில் இருந்தது. நிலக்கரி கிடைக்காததால் மரக்கரியையே நம்பினார்கள். பக்கத்துக் காடு குறையக் குறைய, கரி தொலைவிலிருந்து வந்தது. அடக்க விலை ஏறியது. அரசாங்கத்திடம் முன்பணம் வாங்கியும் தேறவில்லை. நிறுவனம் கைமாறியது, அந்த நூற்றாண்டு முடியுமுன் உலையும் அணைந்தது.

மொத்த விலை மலிவு என்று மூட்டை எடுக்கும் நமக்கும் இது பொருந்தும். வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி, சேதாரம் மூன்றையும் சேர்த்து அடக்கம் போட்ட பிறகே விற்பனை விலை எழுதுங்கள்.