கால் மாறினால் காசு போச்சு!

மலாக்காவுக்கும் மின்னணுத் தொழிலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1973-இல் சீமன்ஸ் நிறுவனம் இங்கே குறைகடத்தித் தொழிற்சாலையைத் தொடங்கியது. 1999-இல் அது இன்ஃபினியன் ஆனது. தோட்டத்திலிருந்து தொழிற்சாலை பஸ் ஏறியவர்களின் பிள்ளைகள் இன்று டுரியான் துங்கல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் போலிடெக்னிக்கிலும் மின்சுற்றுப் பலகையைக் கணினியில் தாங்களே வடிவமைக்கிறார்கள். அவர்களைத் தடுமாற வைக்கும் ஒரு சிக்கலைப் பார்ப்போம்.

கீகேட் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு வடிவம் உண்டு. வரைபடத்தில் வருவது சிம்பல். பலகையில் கால்கள் பதியும் இடம் ஃபுட்பிரிண்ட். இரண்டையும் இணைப்பது கால் எண் மட்டுமே.

சத்தம் போடும் பிழை

டையோடு சிம்பலில் கால்களுக்கு 'ஏ', 'கே' என்றும், ஃபுட்பிரிண்டில் 1, 2 என்றும் இருந்தால் இணைப்பு விழாது. மென்பொருளே எச்சரித்துவிடும். சிம்பலில் எண்ணைத் திருத்தினால் போதும். கீகேட்டில் 1 என்பது கேதோடு, 2 என்பது ஆனோடு.

சத்தமில்லாத பிழை

ஆபத்து இங்கேதான். தோட்டத்துப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது யாரோ ஒருவர் குரல் கொடுத்தால் வரவு விழுந்துவிடும். குரல் கொடுத்தவர் அந்த ஆள்தானா என்பது வேறு கேள்வி. மென்பொருளும் அப்படித்தான். எண் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும்.

ஒரு மாணவர் 2என் 3904 டிரான்சிஸ்டரின் சிம்பலை நகலெடுத்து, பெயரை மட்டும் பிசி 547 என மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், முன்னதில் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பின்னதிலோ கலெக்டர், பேஸ், எமிட்டர்! இரண்டிலும் எண்கள் 1, 2, 3 தான். சோதனையில் பிழையே வராது. பலகை வந்து பாகத்தைப் பற்றவைத்த பிறகுதான், சுற்று ஒழுங்காக வேலை செய்யாதது தெரியும்.

என்ன செய்யலாம்?

வாங்கப்போகும் பாகத்தின் தரவுத்தாளைத் திறந்து, ஒவ்வொரு காலாக ஒப்பிட வேண்டும். படம் மேலிருந்து வரையப்பட்டதா, அடியிலிருந்தா என்பதையும் கவனிக்க வேண்டும். தவறு தெரிந்தால் சிம்பலையே திருத்துவது நல்லது. ஒரே ஃபுட்பிரிண்டைப் பல பாகங்கள் பயன்படுத்தும். பிறகு வரைபடத்தில் அந்தச் சிம்பலைப் புதுப்பித்து, எஃப் 8 விசையால் பலகைக்கும் மாற்றத்தைக் கொண்டுசெல்ல வேண்டும்.

கடைசியாக, பலகையைக் காகிதத்தில் அசல் அளவில் அச்சிட்டு, பாகங்களை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். ஒரு தாள் காகிதத்தோடு போகவேண்டிய தவறு, பலகைக்குக் கட்டிய காசையும் திட்டப்பணியின் கடைசி வாரங்களையும் விழுங்கிவிடக் கூடாது.