வெள்ளைக்காரர் கையில் பைக் சாவி! மாட்டிக்கொள்வது யார்?

பாச்சலூர்,

ஒட்டன்சத்திரத்தில் இருந்து வடகாடு வழியாக மலை ஏறினால் பாச்சலூர். காபி, மிளகு, மலை வாழை, சவ்சவ் மூட்டை ஏற்றிய வண்டிகள் இறங்கும் ரோடு. கொடைக்கானல் கூட்டம் பிடிக்காத வெளிநாட்டுப் பயணிகள் சிலர் இந்தப் பக்கமும் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள்.

டீக்கடை முன்னால் ஒரு புல்லட் வந்து நின்றது. இறங்கியவர் வெள்ளைக்காரர். டீயைக் குடித்தார், காசைக் கொடுத்தார், தாண்டிக்குடி பக்கம் பறந்துவிட்டார்.

"ஏந்தம்பி, பேப்பர்ல எழுதுறீங்களே, இவங்ககிட்டல்லாம் லைசென்சு உண்டா? நம்மளை மட்டும்தான் போலீசு மறிக்குமா?" என்று கேட்டார் கடைக்காரர்.

நியாயமான கேள்விதான். விசாரித்தபோது கிடைத்த விவரம் வருமாறு:-

சின்னப் புத்தகம்

1949-ம் ஆண்டு ஜெனீவாவில் பல நாடுகள் கூடி சாலைப் போக்குவரத்துக்கு ஓர் ஒப்பந்தம் போட்டன. இந்தியாவும் அதில் உண்டு. அதன்படி வெளிநாட்டுக்காரர் தன் ஊர் லைசென்சுடன் "இன்டர்நேஷனல் பெர்மிட்" என்ற சின்னப் புத்தகத்தையும் வைத்திருந்தால் இங்கே வண்டி ஓட்டலாம். ஒரு வருடம் செல்லும். இரண்டும் கையில் இருக்க வேண்டும். ஒன்றை ரூமில் வைத்துவிட்டு வந்தால் சிக்கல்தான்.

இந்தப் புத்தகத்தை அவரவர் நாட்டிலேயே வாங்கிவர வேண்டும். நம்ம ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் போய் நின்றால் கிடைக்காது. அங்கே கொடுப்பது இந்திய லைசென்சு உள்ளவர்கள் வெளிநாடு போவதற்கு.

பலர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். புத்தகத்துக்குள் 'ஏ' என்ற கட்டத்தில் முத்திரை இருந்தால்தான் மோட்டார் சைக்கிள். 'பி' என்றால் கார். சொந்த ஊரில் கார் மட்டும் ஓட்டியவர் இங்கே வந்து புல்லட்டை முறுக்கினால், அவர் லைசென்சு இல்லாதவர் கணக்கில்தான் வருவார்!

கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் ஐகோர்ட்டு உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. வெளிநாட்டினர் இ-மெயில் கொடுத்து வாங்கலாம் என்றார்கள். இ-பாஸ் வேறு, லைசென்சு வேறு. அதைக் காட்டி இதில் தப்ப முடியாது.

வண்டிக்காரர் தலையில் இடி

லைசென்சு இல்லாமல் ஓட்டினால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். 2019-ல் சட்டத்தைத் திருத்தி 500 ரூபாயை இப்படி ஏற்றினார்கள். ஓட்டக் கொடுத்த வண்டிக்காரருக்கும் இதே தண்டனை உண்டு.

அபராதம் கூட பரவாயில்லை. கொண்டை ஊசி வளைவில் தோட்ட வேலைக்குப் போகும் ஒருவர் மேல் வண்டி ஏறினால்? 2004-ல் சுவரண்சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன வழிப்படி, பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்சு கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளரிடம் அதை வசூலிக்கலாம். வெள்ளைக்காரர் விமானம் ஏறிவிடுவார். இங்கே காடு கழனி விற்க வேண்டியது யார்?

வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு விடுவதே தப்பு. சுயமாக ஓட்டும் வாடகை வண்டிக்கு கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும்.

ரோடும் லேசுப்பட்டதல்ல. வலது பக்கம் ஓட்டிப் பழகிய அமெரிக்கரும் ஜெர்மானியரும் வளைவில் பதறினால் கை தானாக வலது பக்கம் இழுக்கும். மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது நம்மவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. திடீரென்று காட்டுமாடு குறுக்கே நின்றால் ஆரன் அடித்துப் பிரயோஜனம் இல்லை.

பக்கத்து இலங்கையில் நம்மவர் போய் வண்டி ஓட்டுவதானாலும் அந்த நாட்டு அனுமதி தனியாக வேண்டும். 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே அதற்கு கவுண்டர் திறந்துவிட்டார்கள். இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை.

இதையெல்லாம் கேட்ட கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப என் மச்சான், ரூமுக்கு வந்த வெளிநாட்டுப் பையன்கிட்ட ஸ்கூட்டரைக் கொடுத்துருக்கானே?"

"என்ன பிளேட்டுண்ணே?"

"வெள்ளை!"

செல்போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே ஓடினார். எதிர்ப்பக்கம் சிக்னல் கிடைக்கவில்லை.